அனுமதி கொடுத்தால் போதுமா? வாங்க ஆள் வேண்டாமா?

(கஞ்சாப் பயிர் பற்றி ஊரில் நடக்கும் பேச்சும், நம் கழனியின் நிலைமையும்)

  

படப்பை, மணிமங்கலம், மண்ணிவாக்கம், அகரம்தென் என்று நம் பக்கத்து டீக்கடைகளில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு. "கஞ்சாவைச் சட்டப்படி பயிர் வைக்க விடப்போறாங்களாம். இமாச்சலத்துல ஆரம்பிச்சுட்டாங்களாம். ஏக்கருக்கு லட்சக்கணக்குல வருமாம்." பேச்சோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். வழவழப்பான கலர் நோட்டீஸ் ஒன்றும் சுற்றுகிறது. விதை நாங்களே தருவோம், விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்வோம், முன்பணம் கட்டி இடம் பிடியுங்கள் என்று அதில் போட்டிருக்கிறது.

நம் உறுப்பினர் ஒரு தம்பி, மூணு ஏக்கர் ஏரிப் பாசனக்காரர், பத்தாயிரம் ரூபாய் கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். "அண்ணே, இது கஞ்சா இல்லியாம். சணல் மாதிரி நாரு எடுக்கிற செடியாம். மேல இருந்து எல்லா அனுமதியும் வாங்கிட்டாங்களாம்" என்றார். நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு செல் நம்பர் இருந்தது. கம்பெனி முகவரி இல்லை, லைசென்ஸ் நம்பர் இல்லை, எந்தச் சட்டத்தில் எந்த அதிகாரி அனுமதி கொடுத்தார் என்று ஒரு வரி இல்லை. அந்த நம்பருக்கு என் எதிரிலேயே போன் போட்டார். எடுக்கவில்லை. இன்று வரை எடுக்கவில்லை.

"ஏன்யா கட்டினே?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னைத் தூங்க விடவில்லை. "நெல்லு வெச்சு இன்னாண்ணே கண்டோம்?"

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2025-26 பருவத்துக்கு அரசு ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டால் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். அந்த விலையும் கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏறினால்தான். உழவுக் கூலி, நடவுக் கூலி, உரம், அறுவடை மெஷின் வாடகை எல்லாம் போனால் கையில் நிற்பது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் மனைப்பிரிவு. ஏரியிலிருந்து வரும் கால்வாயை மண் போட்டு மூடி ரோடு போட்டுவிட்டார்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் பார்த்த நிலம் ஒரு போகத்துக்குத் தட்டுத் தடுமாறுகிறது. இந்த நிலைமையில் யார் வந்து எதைச் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும். ஏமாற்றுகிறவனும் அதைத் தெரிந்துதான் நம் ஊருக்கு வருகிறான்.

அதனால் சங்கத்தின் சார்பில் விஷயத்தை விவரமாகச் சொல்லிவிடுவது என் கடமை. சட்டம் திறந்தாலே நமக்கு வழி திறந்துவிட்டதாக ஆகாது. அதற்கு என்ன காரணம் என்று பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பூவும் காயும் உள்ள நுனிப் பகுதிதான் அதில் 'கஞ்சா'. நுனி இல்லாமல் வரும் இலையும் விதையும் அந்த வார்த்தைக்குள் வராது. இதை வைத்துத்தான் "இலைக்கும் விதைக்கும் தடை இல்லை" என்று நோட்டீஸ்காரன் பேசுகிறான். ஆனால் அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு, செடியை வளர்ப்பதையே தடை செய்கிறது. நாருக்கு வளர்த்தேன், விதைக்கு வளர்த்தேன் என்பதெல்லாம் அனுமதி இல்லாதவன் சொன்னால் எடுபடாது. 20-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம்.

குத்தகைக்கு விட்டவரும் தப்ப முடியாது. தன் நிலத்தில் நடக்கிறது என்று தெரிந்தே விட்டுவைத்தால் நிலத்துக்காரரும் குற்றவாளி. தெரிந்தால் உடனே தகவல் கொடுக்க வேண்டிய கடமையும் அவருக்கு உண்டு. பட்டா ஒருவர் பேரில், பவர் இன்னொருவர் கையில், பயிர் வைப்பவர் மூன்றாமவர் என்று கிடக்கும் நம் தாம்பரம் பக்கத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். அடங்கலில் வி.ஏ.ஓ. என்ன பயிர் என்று எழுதுவார்?

சட்டத்தில் வாசலே இல்லையா என்றால், இருக்கிறது. 10-ஆம் பிரிவில் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. நாருக்கும் விதைக்கும் தோட்டக்கலைக்கும் மட்டும் அரசு அனுமதி தரலாம் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் உத்தரகண்ட் போனது. தமிழ்நாட்டு அரசு நம் விவசாயிகளுக்கு அந்தக் கதவைத் திறக்கவில்லை. ஆகவே இன்றைக்கு இங்கே எவன் வந்து "விதை தர்றேன், போடு" என்றாலும் அவன் காட்டும் வழி புழலுக்குப் போகிற வழிதான்.

இன்னொன்று. சணல் வேறு, சணப்பு வேறு, இது வேறு. சணப்பும் தக்கைப்பூண்டும் நாம் பசுந்தாள் உரத்துக்குப் போட்டு மடக்கி உழுகிற பயிர். அதற்கும் இதற்கும் சொந்தம் கிடையாது. பேரை மாற்றிச் சொன்னால் வழக்கு மாறிவிடாது.

மலை மாநிலங்கள் கண்ட அனுபவம்

உத்தரகண்ட் அரசு 2018-ல் நாட்டிலேயே முதன்முதலாக, போதை குறைந்த நார்க் கஞ்சா பயிரிட லைசென்ஸ் கொடுத்தது. பவுரி கட்வால் மாவட்டத்தில் சோதனை முயற்சி. அந்த மலைக்காரர்களுக்கு அது புதுப் பயிரே அல்ல. தலைமுறை தலைமுறையாக நாரில் கயிறும் துணியும் செய்தார்கள், விதையை அரைத்துத் துவையல் சாப்பிட்டார்கள். அவர்களுக்கே பெரிய முட்டுக்கட்டை வந்தது விதையில்.

விதி என்னவென்றால், செடியில் போதை தரும் டி.எச்.சி. என்ற சத்து 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அங்கே மலையில் தானாக முளைத்துக் கிடக்கும் நாட்டு ரகங்களில் அது பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. தாண்டாத ரகத்தை வெளியிலிருந்து கொண்டுவந்தால் அந்த மண்ணுக்கு ஒத்துப்போக வேண்டும், விலையும் கட்டுபடியாக வேண்டும். லைசென்ஸ் கையில் இருக்கிறது, நம்பி விதைக்க விதை இல்லை.

இமாச்சலம் இன்னும் நிதானமாகப் போகிறது. 2023-ல் வருவாய்த்துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2024 செப்டம்பரில் சட்டமன்றம் அந்த அறிக்கையை ஏற்றது. 2025 ஜனவரியில் அமைச்சரவை சோதனைச் சாகுபடிக்கு ஒப்புதல் தந்தது. யாரிடம் தந்தது? பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்திடமும் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்திடமும். டீக்கடைப் பேச்சில் "இமாச்சலத்துல ஆரம்பிச்சுட்டாங்க" என்பது இதைத்தான். காடு மேடெல்லாம் அந்தச் செடி தானாக முளைக்கிற ஊரிலேயே முதலில் பல்கலைக்கழகம் போட்டுப் பார்க்கட்டும் என்கிறார்கள். நம் ஊரில் நோட்டீசைப் பார்த்துப் பத்தாயிரம் கட்டுகிறோம்.

பதினேழு சதவீதமும் 0.3 சதவீதமும்

இந்த 0.3 என்கிற கணக்கை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்குப் பழக்கமான கணக்கு ஒன்று இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் நெல் எப்படிக் காயும்? ரோட்டில் கொட்டிக் காய வைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, மூட்டைக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்து, அந்த மெஷினில் வரும் நம்பரைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொண்டவர்கள் நாம். ஒவ்வொரு வருஷமும் தளர்வு கொடுங்கள் என்று டெல்லிக்குக் கடிதம் போகிறது, குழு வருகிறது, பார்க்கிறது, போகிறது. அதற்குள் நெல் முளைத்துவிடுகிறது.

ஆனாலும் நெல்லில் ஈரம் அதிகமானால் அதிகபட்சம் என்ன? திருப்பி அனுப்புவார்கள். வியாபாரிக்கு மட்ட விலைக்குப் போடுவோம். நஷ்டத்தோடு வீட்டுக்கு வருவோம். இந்தப் பயிரில் 0.3 என்பது 0.5 ஆனால் விற்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. மொத்தத்தையும் அழிக்க வேண்டும். அதுவரை விவசாயி, அந்த நம்பருக்கு அப்புறம் குற்றவாளி. செடியில் அந்தச் சத்து ஏறுவது விதையைப் பொறுத்தது, பூ முற்றும் நாளைப் பொறுத்தது. விவசாயி கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுக்கூடம் எங்கே இருக்கும்? எத்தனை நாளில் முடிவு தரும்? செலவு யார் தலையில்? சந்தேகம் வந்தால் இரண்டாம் மாதிரி உண்டா? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் கொடுக்கிற லைசென்ஸ், கழுத்தில் கட்டுகிற கயிறுதான்.

நம் மண்ணுக்கு ஆகுமா?

வடக்கே குளிர் நாடுகளில் நல்ல நார் தரும் ரகங்கள் நீண்ட பகலை நம்பி வளர்பவை. அங்கே கோடையில் பதினாறு மணி நேரம் வெளிச்சம். செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, பகல் குறையும்போதுதான் பூ வைக்கும். நம் சென்னைப் பக்கம் வருஷம் முழுக்கப் பகல் பதிமூன்று மணி நேரத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான். அந்த ரகத்தை இங்கே போட்டால் முழங்கால் இடுப்பு உயரத்திலேயே பூத்துவிடும். நார் எங்கிருந்து வரும்? வெப்ப மண்டலத்துக்கென்று ரகம் தேடி, சோதித்து, உறுதி செய்த பிறகுதான் பேச முடியும்.

அடுத்தது தண்ணீர். வேரில் தண்ணீர் நின்றால் அந்தச் செடிக்கு ஆகாது. நம் ஏரிக்கீழ்க் கழனி வடகிழக்குப் பருவமழையில் எப்படி இருக்கும்? 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படிக் கிடந்தன என்று மறந்துவிட்டோமா?

அப்படியே விளைந்தாலும் தண்டை வெட்டிக் கட்டு கட்டினால் பணம் ஆகாது. ஊறப்போட வேண்டும், நார் பிரிக்கும் மெஷின் வேண்டும். தண்டு பாரம் அதிகம், விலை குறைவு. நூறு கிலோமீட்டர் லாரியில் ஏற்றினால் வாடகையே விலையைத் தின்றுவிடும். கரும்புக்காரரைக் கேளுங்கள், ஆலை பக்கத்தில் இல்லாவிட்டால் கரும்பு வெறும் விறகு என்பார். நார் ஆலை இல்லாத ஊரில் நார்ப் பயிர் எதற்கு?

சந்தை எப்படிக் கைவிட்டது?

"வெளிநாட்டுல பாருங்க" என்கிறார்கள். பார்ப்போம்.

அமெரிக்காவில் 2018-ல் பண்ணைச் சட்டத்தைத் திருத்தி 0.3 சதவீதத்துக்குள் உள்ள செடியைப் பயிரிட விட்டார்கள். 2019-ல் புகையிலை, சோளம் போட்டவர்கள் எல்லாம் மருந்து எண்ணெய்க்கு என்று போட்டிபோட்டு இதை வைத்தார்கள். காய வைக்க இடமில்லை, எண்ணெய் பிழிய ஆலை போதவில்லை, வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர்களில் பலர் கைவிரித்தார்கள். ஒரே வருஷத்தில் விலை படுத்துவிட்டது. கனடாவில் 2018 அக்டோபரில் போதைக்கே சட்ட அனுமதி கொடுத்தார்கள். பெரிய கம்பெனிகள் கண்ணாடிக் கூடாரம் கட்டி விளைவித்துக் குவித்து, விற்காத சரக்கை அழித்தார்கள். தாய்லாந்து 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது. வீட்டுக்கு வீடு செடி கொடுத்தார்கள், தெருவுக்குத் தெரு கடை திறந்தது, விலை விழுந்தது. 2025 ஜூனில் டாக்டர் சீட்டு இல்லாமல் பூவை விற்கக்கூடாது என்று திரும்பவும் இறுக்கிவிட்டார்கள். மூணு வருஷத்துக்குள் அரசாங்கம் இரண்டு தடவை மனசை மாற்றிக்கொண்டது. கடன் வாங்கிச் செடி வைத்தவன் எத்தனை தடவை மாற்றிக்கொள்வான்?

பக்கத்தில் இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025-ல் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட அங்கே அனுமதி கொடுத்தது யாருக்கு? வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு. ஊர் விவசாயிக்கு அந்தத் திட்டத்தில் கூலி வேலை கிடைத்தால் உண்டு.

ஒரு நல்ல உதாரணமும் சொல்ல வேண்டும். மொராக்கோ நாட்டில் ரிஃப் மலைப் பகுதியில் காலம் காலமாகத் திருட்டுத்தனமாகக் கஞ்சா பயிரிட்டு, போலீசுக்குப் பயந்தே வாழ்ந்த சிறு விவசாயிகள் ஏராளம். 2021-ல் அங்கே சட்டம் கொண்டுவந்தபோது மூன்று மாகாணங்களில் மட்டும், மருந்துக்கும் தொழிலுக்கும் மட்டும், அந்த ஊர் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தால் மட்டும் என்று விதி வைத்தார்கள். 2024 ஆகஸ்டில் அந்த நாட்டு அரசர் 4,800-க்கும் மேற்பட்ட கஞ்சா விவசாயிகளுக்கு மன்னிப்பு வழங்கினார். குறை இருக்கலாம். ஆனால் சட்டத்தை எழுதும்போது விவசாயியை நினைத்து எழுதினார்கள். அதுதான் நாம் பார்க்க வேண்டியது.

லைசென்ஸ் பயிர் என்றால் என்ன?

நம் நாட்டிலேயே லைசென்ஸ் பயிர் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் மருந்துக்காக அபின் பயிரிடுகிறார்கள். குவாலியரில் தலைமையகம் உள்ள மத்திய போதைப்பொருள் அலுவலகம் லைசென்ஸ் தரும், நிலத்தை அளக்கும். விளைந்தது அத்தனையும் அரசுக்கே கொடுக்க வேண்டும். விலையை அரசே வைக்கும். ஹெக்டேருக்கு இவ்வளவு மகசூல் காட்ட வேண்டும் என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள், அது குறைந்தால் அடுத்த வருஷ லைசென்சுக்கு ஆபத்து. ஆலங்கட்டி மழை பெய்தாலும் கணக்குக் கேட்பார்கள். இன்னொரு பக்கம், வாங்க ஒருவன் நிச்சயம் இருக்கிறான் என்பதால் அந்த விவசாயிகள் லைசென்சை விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதிலிருந்து தெரிவது ஒன்று. அரசு முழுக்கக் கையில் எடுத்தால் விவசாயிக்குச் சுதந்திரம் இல்லை, ஆனால் வாங்க ஆள் உண்டு. கம்பெனி கையில் விட்டால் விலை நம் கையிலும் இல்லை, வாங்க ஆளும் நிச்சயமில்லை. இரண்டுக்கும் நடுவில் கூட்டுறவு என்று ஒரு வழி இருக்கிறது. அதை யாரும் நமக்காகப் போட்டுத் தரமாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

நாம் பட்டது போதாதா?

காட்டாமணக்கு ஞாபகம் இருக்கிறதா? டீசல் கிணறே தோண்டப்போகிறோம் என்று 2000-க்குப் பிந்தைய வருஷங்களில் நட்டோம். காய் வந்தது, வாங்க ஆள் வரவில்லை. பிடுங்கி அடுப்பில் வைத்தோம். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி கதை வெளியே வந்தது. லட்சக்கணக்கில் கட்டியவர்கள் கோழிக்குத் தீவனம் போட முடியாமல் அழுதார்கள். இரண்டிலும் நோட்டீஸ் ஒன்றுதான்: "நாங்களே வாங்கிக்கொள்கிறோம்."

சட்டப்படி எந்தத் தடையும் இல்லாத மருந்துப் பயிருக்கே என்ன கதி என்று பாருங்கள். நம் மாநில மலரான செங்காந்தள், கண்வலிக்கிழங்கு என்போமே, அதை மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் போடுகிறார்கள். விதை மருந்து கம்பெனிகளுக்கு ஏற்றுமதி ஆகிறது. காலையில் எழுந்து ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும், அவ்வளவு வேலை. விலை? வியாபாரி வைத்ததுதான். ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் பாதிக்குப் பாதி இறங்கும். அரசே விலை வையுங்கள் என்று அந்த விவசாயிகள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். காந்தளுக்கு விலை வைக்காத அரசு கஞ்சாவுக்கு வைக்குமா?

தென்னை நீராவைச் சொல்லாமல் விட முடியாது. 2017-ல் தமிழ்நாட்டில் அனுமதி வந்தது. பட்டாசு வெடித்தோம். அப்புறம் பார்த்தால், இறக்கினது புளிக்காமல் இருக்கப் பதப்படுத்த வேண்டும், குளிர்ந்த பெட்டி வேண்டும், பாக்கெட் போட வேண்டும், வண்டி வேண்டும், உற்பத்தியாளர் நிறுவனம் வேண்டும். கேரளத்தில் 2014-லேயே தொடங்கிய கம்பெனிகள் கடனில் விழுந்தன. அனுமதி இருந்தது, சந்தை இல்லை. நான் இத்தனை பக்கம் எழுதியதன் சாரம் இந்த நீரா கதையிலேயே இருக்கிறது.

கள்ளுக்குப் பதில் சொல்லுங்கள்

1987 ஜனவரி முதல் இந்த மாநிலத்தில் கள்ளுக்குத் தடை. பக்கத்துக் கேரளத்தில் கள் உண்டு, புதுச்சேரியில் உண்டு. இங்கே 2003 முதல் டாஸ்மாக் மூலம் அரசே சாராய பாட்டில் விற்கிறது, நம் பனையிலிருந்து ஒரு கலயம் இறக்கினால் வழக்கு. திருப்போரூர் ரோட்டில், ஏரிக்கரைகளில் நின்ற பனைகள் செங்கல் சூளைக்கும் மனைக்கும் போய்விட்டன. ஏறத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார்கள். எந்த வெளிநாட்டு விதையும் வேண்டாத, தண்ணீர் கேட்காத, நம் மண்ணிலேயே நிற்கிற மரம் அது. கஞ்சாவைப் பற்றிப் பேச யாருக்காவது தைரியம் இருந்தால், முதலில் கள்ளுக்குப் பதில் சொல்லட்டும்.

தாய்மார்களின் கேள்வி

"செயலாளரே, ஊர் இருக்கிற இருப்புல நீங்களே கஞ்சாவைப் பத்திப் பேசலாமா?" என்று ஒரு அம்மா கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. தாம்பரம் ரயில் நிலையத்தில் வடக்கே இருந்து வரும் வண்டிகளில் பொட்டலம் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. நம் தெருப் பையன்கள் கெட்டுப்போவதை நானும் கண்ணால் பார்க்கிறேன். போதைக் கஞ்சாவுக்கு இந்தச் சங்கம் ஒருநாளும் ஆதரவு தராது.

ஆனால் அந்தப் பொட்டலம் எங்கிருந்து கிளம்புகிறது என்றும் பார்க்க வேண்டும். அதில் பெரும் பங்கு ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளிலிருந்து. அங்கே பழங்குடி விவசாயிக்கு வெளியூர் வியாபாரி முன்பணம் கொடுத்துப் பயிர் வைக்கச் சொல்கிறான். 2021 கடைசியில் ஆந்திர போலீஸ் ஆயிரக்கணக்கான ஏக்கரை வெட்டி அழித்தது. செடியோடு பிடிபடுவது யார்? காப்பியும் மிளகும் விற்க வழியில்லாமல் இதில் இறங்கிய ஏழை. முன்பணம் கொடுத்தவன் எங்கோ மாடி வீட்டில் இருக்கிறான். வாங்க ஆள் இல்லாத நல்ல பயிரும், முன்பணத்தோடு வரும் கெட்ட பயிரும் எதிரெதிரே நின்றால் பசித்தவன் எதை எடுப்பான்? நம் தம்பி பத்தாயிரம் கட்டினதும் இதே கதைதான். நெல்லுக்கும் கீரைக்கும் காய்கறிக்கும் நியாயமான விலை கொடுப்பதுதான் கஞ்சாவை ஒழிக்க முதல் வழி.

நம் கோரிக்கைகள்

ஆகவே சங்கம் முன்வைப்பது:

1. கஞ்சா, நார்க் கஞ்சா, மருந்துச் சணல் என்று எந்தப் பெயரில் விதைக்கோ ஒப்பந்தத்துக்கோ பணம் வசூலித்தாலும் மாவட்ட நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஏமாந்த விவசாயியைக் குற்றவாளியாக்காமல் புகார்தாரராகப் பார்க்க வேண்டும்.

2. இந்தச் செடி பற்றிய சட்ட நிலைமையை வேளாண்மைத் துறை தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து ஊராட்சிதோறும் ஒட்ட வேண்டும்.

3. அரசு எப்போதாவது நார் அல்லது மருந்துப் பயிராக இதை யோசித்தால், முதலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சோதித்து நம் மண்ணுக்கான விதையைத் தர வேண்டும். விவசாயிகளின் கருத்தைக் கேட்காமல் ஒரு விதியும் எழுதக்கூடாது.

4. அப்படி வந்தால் லைசென்ஸ் சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக்கே முதலில். கொள்முதல் விலை விதைப்புக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். அளவு 0.3-ஐத் தாண்டினால் விதை கொடுத்தவரே பொறுப்பு. விவசாயிக்கு நஷ்ட ஈடு, வழக்கு இல்லை.

5. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒப்பந்தப் பண்ணையச் சட்டப்படி எந்தப் பயிர் ஒப்பந்தமும் பதிவு செய்யப்பட வேண்டும், ஒப்பந்த நாளில் பேசிய விலையைத் தர வேண்டும். அந்தச் சட்டத்தைக் காகிதத்திலிருந்து கழனிக்குக் கொண்டுவர வேண்டும்.

6. கள்ளுக்குத் தடையை நீக்க வேண்டும். கண்வலிக்கிழங்கு விதைக்கு அரசு விலை வைக்க வேண்டும்.

7. மழைக்காலத்தில் நெல் ஈரப்பதத் தளர்வை அறுவடைக்கு முன்பே அறிவிக்க வேண்டும்.

இந்த மனுவை வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கிறோம். அதற்குள் கையெழுத்து வாங்க ஊருக்கு இரண்டு பேர் வருவார்கள். நோட்டீஸ் வைத்திருப்பவர்கள், பணம் கட்டியவர்கள், வெட்கப்படாமல் ரசீதோடு வாருங்கள். பத்தாயிரம் கட்டிய தம்பிதான் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "என்னோட போகட்டும்ணே, இன்னொருத்தன் கட்டக்கூடாது" என்றார்.

யாராவது புதுப் பயிர் என்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அதிகாரி, எந்தத் தேதியில் அனுமதி கொடுத்தார்? விலை எவ்வளவு, எங்கே பதிவு? விளைந்து நின்ற பிறகு நீ வரவில்லை என்றால் நான் யாரைப் போய்க் கேட்பேன்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராதவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், காசு கொடுத்து அனுப்பாதீர்கள்.

விளைவிப்பது நாம், விலை வைப்பதும் நாமாக வேண்டும்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
செயலாளர்,
தாம்பரம் வட்டார விவசாயிகள் சங்கத்துக்காக.